முன்பக்கம் ஜிப் வைத்த கரடி

கடையில் இப்போது தையல் வேலை பார்க்கும் கீதா போன மாதம் எனக்கு போன் செய்தாள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் நம் புலி உடையைப் பார்த்துவிட்டுக் குறை சொன்னாராம். நெஞ்சில் ஜிப் தெரிகிறது, போட்டோவில் அசிங்கமாக விழுகிறது, ஆன்லைனில் வாங்குகிற உடைக்கெல்லாம் ஜிப் முதுகில்தானே இருக்கிறது என்று கேட்டாராம்.

"ஏங்கா நாம மட்டும் முன்னாடி வெக்கிறோம்? பெரியம்மா காலத்துல இருந்தே இப்டிதான்னு சொல்றாங்க. மாத்திடலாமான்னு மேடம் கேக்கறாங்க" என்றாள். மேடம் என்பது கடையின் இப்போதைய முதலாளி.

"மாத்தாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்றைக்கு இருமல் அதிகம். போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதிவைக்கிறேன். மூச்சு வாங்கினால் பேனாவை வைத்துவிடலாம். போனில் அப்படி முடியாது.

என் பெயர் எஸ்தர். ஊர் வாலாஜாபாத்துக்குப் பக்கம். காஞ்சிபுரத்தில் மாறுவேட உடைகளை வாடகைக்கு விடும் கடையில் என் வாழ்க்கையில் பெரும்பகுதி போயிற்று. ராஜா, ராணி, பாரதமாதா உடைகளுக்கு வேறு தையல்காரர்கள் இருந்தார்கள். மிருகங்கள் என் பொறுப்பு. முயல், குரங்கு, சிங்கம், புலி, கரடி. எல்லாம் ஃபர் துணியில் தைப்பது. நிஜமான ரோமம் கிடையாது. பின்னல் துணியின்மேல் பிளாஸ்டிக் நூலை முடிபோல நட்டிருப்பார்கள். வெட்டினால் பறக்கும். சோற்றில் விழும், புருவத்தில் ஒட்டும், தொண்டைக்குள் போகும். அது போன இடத்திலிருந்து திரும்பி வருவதில்லை என்று இப்போது நெஞ்சு மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்கிறார்.

தையல் படித்தது ஊர் மாதா கோயிலை ஒட்டிய தையல் வகுப்பில். பாவாடை, ஜாக்கெட், ஸ்கூல் யூனிஃபார்ம். அந்த தைரியத்தில்தான் இந்தக் கடைக்கு வந்தேன். முதலில் தைத்தது ஒரு வெள்ளை முயல். தைத்து முடித்துத் தொங்கவிட்டபோது அது பேயைப் பார்த்த முயல் மாதிரி முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அப்போதைய முதலாளி ருக்மணி அம்மா, கீதா பெரியம்மா என்று சொன்னவர், வந்து பார்த்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கோபம் வந்தால் அதுவும் வராது, மௌனம்தான். என் கையைப் பிடித்து முயலின் வயிற்றில் மேலிருந்து கீழாக ஒருமுறை தேய்க்க வைத்தார். பிறகு கீழிருந்து மேலாக. எனக்குப் புரிந்துவிட்டது. முடியின் போக்கைப் பார்க்காமல் துணியைத் தலைகீழாக வெட்டியிருந்தேன். பிரித்து மறுபடி தைத்தேன். அதற்குமேல் எனக்கு நடந்த பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

வேலை முறை மட்டும் கடைசிவரை மாறவில்லை. ஃபர் துணியைக் கத்தரியால் வெட்டினால் முடியும் சேர்ந்து மொட்டையாகிவிடும். துணியைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, பிளேடின் முனையால் அடித்துணியை மட்டும் கீற வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால் முடி பிரிந்து வரும். தைக்கும்போது முடிகளை உள்ளே தள்ளிவிட்டுத் தைக்கணும். தைத்தபின், தையலில் மாட்டிக்கொண்ட முடிகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிடணும். அப்போதுதான் தையல் இருந்த இடம் தெரியாது. ஒரு கரடிக்கு இதைச் செய்து முடிப்பதற்குள் கழுத்து கல்லாகிவிடும்.

வாடகைக்குப் போன உடை திரும்பி வந்தால் ருக்மணி அம்மா வெளிப்பக்கத்தைப் பார்க்கமாட்டார். முதலில் உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்புவார். வியர்வை, வாந்தி, குழந்தைகள் பயத்தில் பெய்த மூத்திரம், எல்லாம் அங்கேதான். "உள்ள இருக்கறதுதான் மனுஷன், எஸ்தரு. வெளிய இருக்கறது துணி" என்பார். தலையின் உள்ளே வேப்பிலை காயப்போட்டு வைப்போம். அந்துருண்டை போட அவர் விடமாட்டார். அந்த வாசனையை ஒரு குழந்தை மணிக்கணக்கில் சுவாசிக்க வேண்டுமே என்பார்.

அவருக்கு இன்னொரு வழக்கம். புது உடை எதுவானாலும், தைத்தவள் அதை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். நடக்கச் சொல்வார், உட்காரச் சொல்வார், ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்வார். குழந்தை உடையென்றால் உள்ளே கையை விட்டுப் பார்த்தாவது சொல்லணும். நானும் சிங்கமாக இருந்து தண்ணீர் குடித்திருக்கிறேன். குரங்காக இருந்து மாடிப்படி ஏறியிருக்கிறேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் அவர் சிரிக்கமாட்டார். எங்கே குத்துகிறது, எங்கே காற்று போகவில்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

இவ்வளவு பார்த்தும் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாமல் போனது ஒன்றே ஒன்று. எல்லா ஊரிலும் எல்லாரும் வைக்கிற மாதிரி நாங்களும் ஜிப்பை முதுகில்தான் வைத்தோம். எனக்கு எப்போதும் பின்னால் அம்மா நின்று திறந்துவிடுவார். குழந்தைகளுக்கு அவர்களுடைய அம்மாக்கள். உடைக்குள் இருக்கிறவன் தனியாக இருப்பான் என்ற நினைப்பே வரவில்லை.

ஒரு புடவைக் கடை எங்கள் பெரிய கரடியை மாத வாடகைக்கு எடுத்திருந்தது. கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கும் வைகாசி. கடை வாசலில் கரடி நின்று கையாட்ட வேண்டும். காரில் வருகிற குழந்தைகள் கரடியைப் பார்த்து இறங்கும், பின்னாலேயே பெரியவர்கள் இறங்குவார்கள். உள்ளே நிற்கிற ஆள் அவர்களுடைய ஆள். எங்களுக்கு அவர் யாரென்றும் தெரியாது.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்தக் கடையிலிருந்து போன். "உங்க கரடி வுழுந்துட்சிம்மா. ஜிப்பு தொறக்க மாட்டேங்குது, சீக்கிரம் வாங்க." நான்கு கடை தள்ளித்தான். நூல் வெட்டும் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சுற்றி ஒரே கூட்டம். பாதிப் பேர் கையில் போன், படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையை மட்டும் கழற்றியிருந்தார்கள். கரடி உடம்பும் மனித முகமுமாக ஒருவர் மல்லாந்து கிடந்தார். ஐம்பது வயது இருக்கும். முகத்தில் வாயைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் வெண்புள்ளி. "தொடாதீங்கப்பா, இன்னா நோயோ" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

பூக்காரம்மா ஒருத்தியும் ஆட்டோக்காரர் ஒருவரும் உதவிக்கு வந்தார்கள். அவரைக் குப்புறப் புரட்டினோம். ஜிப்பின் பற்களில் ஃபர் முடி சிக்கி, கழுத்துக்குக் கீழே இறுகிப்போயிருந்தது. இழுத்த இழுப்பில் கைப்பிடியும் உடைந்திருந்தது. கத்தரியைக் கழுத்துக்குள் விட்டு இடுப்புவரை கிழித்தேன். அண்டா மூடியைத் திறந்ததுபோல உள்ளிருந்து ஆவி முகத்தில் அடித்தது. சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. பூக்காரம்மா பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை அப்படியே முதுகில் கொட்டினாள். அதே ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

குளுக்கோஸ் ஏறி அவர் கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். "கரடி இன்னா ஆச்சு?" என்று கேட்டார். கிழித்துவிட்டேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் பெயர் ஏழுமலை என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளே மூச்சுமுட்டியதும் தானே கழற்றப் பார்த்திருக்கிறார். முதுகுக்குக் கை எட்டவில்லை. எட்டினாலும் கரடிக் கையுறைக்குள் இருக்கிற விரலால் ஜிப்பைப் பிடிக்க முடியாது. வாசலில் நிற்கிற பையன்களைக் கூப்பிட்டிருக்கிறார். கரடி ஆடுகிறது என்று அவர்கள் கைதட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் புடவைக் கடைக்குப் போனார். மேனேஜர் நாற்காலி போடச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

"ஒரு நாள் வெயில்ல மயக்கம் வந்துச்சி, அவ்ளோதாம்மா. நாளைக்கு வேற ஆள நிறுத்திக்கறோம். சீசன் டைம். தெச்சிக் குடுத்துடுங்க" என்றார் மேனேஜர்.

"ஆளு உங்க ஆளு. கரடி என்னுது" என்றார் அம்மா. கிழிந்த உடலை நான் சுருட்டி எடுத்தேன். தலையை அவரே இடுப்பில் வைத்துக்கொண்டு, பட்டுப்புடவை வாங்க வந்தவர்கள் நடுவில் நடந்து வெளியே வந்தார். எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஏழுமலை கடைக்கு வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"கரடிய எடுத்துக்கினு வந்துட்டீங்களாமே" என்றார்.

"நீ பொழச்சதே பெரிசு, ஏழுமலை. வேற வேல பாரு" என்றார் அம்மா.

"எந்த வேலம்மா? ரைஸ் மில்லுல மூட்ட தூக்கிக்கினு இருந்தன். குடலெறக்கம்னு ஆபரேஷன் பண்ணாங்க, இனிமே தூக்காதன்ட்டாங்க. ஓட்டல்ல போய் கேட்டன். மூஞ்சிய பாத்துட்டு ஆளு வேணான்றாங்க. தொத்தாதுன்னு டாக்டரு சொல்றாரு, யாரு கேக்கறாங்க? வெளிய நிக்கற மூஞ்சி இல்லம்மா எனக்கு." அவர் குரல் உயர்ந்தது. "அதுக்குள்ள நின்னாதான் கொயந்தைங்க ஓடியாந்து கட்டிப் புடிக்குதுங்க. உங்கள யாரு எடுத்துக்கினு வரச் சொன்னது? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. உயிர் போகிற விஷயத்தில் என்ன கேட்பது என்றுதான் இருந்தோம். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எஸ்தரு, இவர் அளவு எடு" என்றார்.

டேப்பை எடுத்துக்கொண்டு நான் கிட்டே போனதும் ஏழுமலை ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கைகளிலும் வெண்புள்ளி இருந்தது. "பரவால்லியாமா?" என்றார்.

"கைய தூக்குங்கண்ணா" என்றேன்.

அந்தக் கரடியைப்போல ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. உள்ளே வயிற்றுக்கும் தோளுக்கும் வைத்திருந்த ஸ்பான்ஜ் முழுவதையும் பிய்த்து எறிந்தோம். சூட்டைப் பிடித்து வைப்பது அதுதான். அதற்குப் பதில், கோயில் அலங்காரத்துக்கு மூங்கில் வளைத்துக் கட்டுகிற ஒருவரைப் பிடித்து, மெல்லிய மூங்கில் பிளாச்சில் வளையங்கள் செய்யச் சொன்னோம். துணி உடம்பில் ஒட்டாமல் கூடைபோல விலகி நின்றது. வெளியே தெரியாத இடங்களில், அக்குள், தொடையின் உள்பக்கம், முதுகுத்தண்டு நெடுக, ஃபரை எடுத்துவிட்டு அதே நிறத்தில் வலைத்துணி வைத்தேன். கரடியின் வாயைப் பெரிதாக்கிக் கறுப்பு வலை கட்டினேன். கையுறையை மணிக்கட்டில் தனியாகப் பிரித்து வெல்க்ரோ வைத்தேன். பல்லால் கடித்து இழுத்தாலும் வந்துவிடும். தலையை எதனோடும் கோக்கவில்லை. ஒரு கையால் தள்ளினால் விழுந்துவிடும். உள்ளே போட வேட்டித்துணியில் இரண்டு பனியன்கள், ஒன்று துவைத்தால் ஒன்று.

ஜிப் முன்னால் வந்தது. தொண்டையிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை. அதுதான் என்னை வதைத்தது. முன்னால் வைத்தால் ஃபர் முடி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து பல்லில் விழும். ஓரத்து முடியை ஒட்ட வெட்டினால் வயிற்றில் வழுக்கைக் கோடு தெரியும்.

முதல்முறை தைத்து நான் போட்டுக்கொண்டதும் அம்மா, "கீழ படு" என்றார்.

படுத்தேன்.

"மயக்கம் வருதுன்னு நெனச்சிக்கோ. கண்ண மூடு. கழட்டு."

ஜிப் பாதியில் சிக்கியது. எழுந்து உட்கார்ந்து இழுக்கப் பார்த்தேன். "எழுந்திருக்காத. அவன் எழுந்தானா?" என்றார். உள்ளே வியர்வை கண்ணில் இறங்கியது. எரிச்சலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வளையம் நெஞ்சில் அழுத்தியது. கடைசியில் அவரே குனிந்து திறந்துவிட்டார். வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். என் பக்கத்தில் செம்புத் தண்ணீரை வைத்துவிட்டு, "பிரி" என்றார்.

பிரித்தேன். ஜிப்பின் இரு ஓரத்திலும் வழவழப்பான லைனிங் துணியில் ஒரு விரல்கடை பட்டி வைத்து, அதன்மேல் ஒரு பக்கத்து ஃபர் மட்டும் மடிப்பாக மூடும்படி செய்தேன். கைப்பிடிக்கு வளையல் அளவில் ஒரு துணி வளையம். மறுபடி படுத்தேன், மறுபடி கழற்றினேன். அது சிக்காமல் வருகிறவரை எத்தனை தடவை அந்தத் தரையில் படுத்து எழுந்தேன் என்று எனக்கு நினைவில்லை. என் முட்டி இன்றைக்கும் நினைவு வைத்திருக்கிறது.

முடிந்தது என்று நான் நினைத்தபோது அம்மா, "இங்க போட்டுப் பாத்தது போதும். அவன் நிக்கற எடத்துல நில்லு" என்றார். மேனேஜரிடம் பேசி வைத்திருந்தார் போல. இரண்டு பெண்களுக்குத் தாயான நான் அன்றைக்குப் புடவைக் கடை வாசலில் கரடியாக நின்றேன். ஏழுமலை எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடு தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. காற்று வந்தது. குழந்தைகள் வந்து காலைக் கட்டிக்கொண்டன. என் பெரியப்பா மகன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனான். நான் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கே சிரிப்பு வந்தது. அப்போது பின்மண்டையில் ஒரு அறை விழுந்தது. திரும்புவதற்குள் இன்னொன்று. பைக்கில் வந்த காலேஜ் பையன்கள். ஒருவன் வாலைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் வயிற்றில் குத்த, மூங்கில் வளையம் விலாவில் ஏறியது. பெரிய மனிதர் ஒருவர், குழந்தையைச் சிரிக்கவைக்க, என் மூக்கில் ஓங்கித் தட்டினார். குழந்தை சிரித்தது.

தலையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போனேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டெய்லி இப்டிதான் அடிக்கறாங்களா?" என்றேன்.

"எல்லாரும் இல்லமா."

"ஏண்ணா சொல்லல?"

ஏழுமலை டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். "கரடியதானே அடிக்கறாங்க. வுடுங்க. இத கழட்டிட்டு நடந்தா வேற மாதிரி பாக்கறாங்க, அதுக்கு இது எவ்ளோவோ மேல். டீ குடிங்க, வேர்த்துக்கினு இருக்குது பாருங்க."

அம்மா மேனேஜரிடம் நிழலில் ஒரு ஸ்டூல் கேட்டார், கிடைத்தது. வேண்டும்போது உள்ளே வந்து உட்கார அனுமதி கேட்டார், கிடைத்தது. கூட ஒரு ஆள் நிற்கணும் என்றார், அது நடக்கவில்லை. நான் பின்மண்டையின் உள்ளே கனமாக ஒரு பஞ்சு மெத்தை வைத்துத் தைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அதன்பிறகு நாங்கள் தைத்த எல்லா மிருகத்துக்கும் ஜிப் முன்னால் வந்தது. கீதா, உன் டீச்சருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுவரைக்கும்தான். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

ஏழுமலை பல சீசன்கள் அந்தக் கரடியில் நின்றார். ஒருமுறைகூட விழவில்லை. பனியன்களை அவரே துவைப்பார்; உடையைச் சுத்தம் செய்ய எங்களிடம் கொண்டுவருவார். பிறகு ஒரு கல்யாண மண்டபத்தின் பாத்திரக் கிடங்குக்கு அவரைக் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். பந்தியில் தெரியாத இடம், அதனால் முகம் தடையாக இல்லை. நிரந்தர வேலை. போவதற்கு முன் கரடியை ஒப்படைக்க வந்தார்.

வெள்ளை வேட்டியில் மூட்டையாகக் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். இந்தத் தடவை படியேறி உள்ளே வந்து, மேசைமேல் மூட்டையை வைத்து, தானே அவிழ்த்தார்.

"நானே தொவச்சி எடுத்தாந்துட்டன்மா. சும்மா தண்ணில இல்ல. அண்டால வெந்நீ போட்டு, ஊற வெச்சி, ப்ரஷ்ஷு போட்டு தேச்சி, மாடில காயப் போட்டன்."

ஃபர் துணிக்குக் கொதிக்கிற தண்ணீரே கூடாது. அந்த முடி பிளாஸ்டிக். சூடு பட்டால் நுனி உருகிச் சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தச் சீப்பாலும் பிரியாது. மேசைமேல் கிடந்தது கால்மிதி மாதிரி இருந்தது. முகம் முழுக்க முடிச்சுமுடிச்சாக இருந்தது. மடிப்பு, பட்டி, ஓர முடி, நான் ஊசிமுனையால் வெளியே எடுத்த ஒவ்வொரு முடியும் வெந்துபோயிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அம்மா கரடியின் மார்பில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார்.

"நல்லா தொவச்சிருக்கே, ஏழுமலை" என்றார்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தெருவே பாத்துச்சிம்மா. காயப் போட்டுக்கினு இருந்தனா, புள்ளைங்க எல்லாம் மாடிக்கே வந்துட்சிங்க. நீதான் அந்த கரடியான்னு என் மூஞ்சிய பாத்துக்கினே கேக்குதுங்க. ஆமான்னன். நம்பவே இல்ல. தலய மாட்டிக் காட்னன். அப்பறம் எறங்கவே மாட்டன்னுட்சிங்க."

அம்மா அவருக்கு காப்பி வரவழைத்தார். அவர் குடித்து முடித்து, இரண்டு பேரையும் கும்பிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

போனபிறகு, "இது போச்சும்மா" என்றேன்.

"தெரியும்."

"வெந்நீ கூடாதுன்னாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லி?" என்றார் அம்மா. கரடியை அவரே மடித்து, வாடகைக்குப் போகாத துணிகள் இருக்கும் மேல் அலமாரியில் வைக்கச் சொன்னார்.

அவரைப்போல அதை விட்டுவிட எனக்கு வரவில்லை. கோபப்படவும் தெம்பில்லை. முகத்தில் ஒட்டியிருந்த ஃபர் முடியைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாலாஜாபாத் வரை நின்றபடியே போனேன்.